மாட்டு வைத்தியம் குதிரைக்கு ஆகுமா?

வாசகர் கேள்வி – பதில்

மாடும் ஆடும் வந்துபோகிற கிராமத்துக் கால்நடை மருத்துவமனை வாசலில் எப்போதாவது ஒரு குதிரை வந்து நிற்கும். கை பழகிய வேலைகளில் பாதி அன்றைக்குச் செல்லாது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றித்தான். சேணம், சவாரி பற்றிக் கேட்டவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறோம். பதில்களில் மருந்தளவு வரும் இடங்கள், மருத்துவர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று புரிந்துகொள்வதற்கு மட்டுமே. நீங்களே ஊசி ஏற்றுவதற்கு அல்ல.

கேள்வி: கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். மாடு, ஆடு பழக்கம்தான். குதிரை வந்தால், டாக்டர் வருவதற்குள் நான் என்னென்ன பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்?

பதில்: ஐந்து விஷயங்கள்: மூச்சு, நாடி, ஈறு, வயிற்றுச் சத்தம், காய்ச்சல். இதே வரிசையில் பார்ப்பது நல்லது. குதிரையைத் தொட்டதுமே நாடியும் மூச்சும் ஏறிவிடும். அதனால் தொடாமல் பார்க்கக்கூடியதை முதலிலும், அதற்குப் பிடிக்காத தெர்மாமீட்டரைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சை நாலடி தள்ளி நின்று எண்ணுங்கள். விலாவுக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவது தெரியும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16. மூக்கருகே கையை நீட்டி எண்ணாதீர்கள். கையை மோந்து பார்க்க ஆரம்பித்துவிடும், கணக்கு பொய்யாகும்.

நாடிக்குத் தாடை எலும்பின் கீழ் விளிம்பைத் தடவுங்கள். பெரிய கன்னத் தசைக்குச் சற்று முன்னால் பென்சில் கனத்தில் ஒரு குழாய் விரலுக்கடியில் உருளும். இரண்டு விரலால் அதை எலும்பின் மேல் லேசாக அழுத்தினால் துடிப்பு கிடைக்கும். கட்டைவிரல் வேண்டாம், உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 28 முதல் 44 வரை சரி. மாட்டில் 60 என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சும்மா நிற்கும் குதிரையில் 60 என்றால் டாக்டரை உடனே கூப்பிட வேண்டும்.

மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பெருவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். செங்கல் நிறம், ஊதா நிறம், பல்லை ஒட்டிக் கருஞ்சிவப்புக் கோடு, இவை ரத்தத்தில் நச்சு ஏறுவதைக் காட்டும்.

வயிற்றுச் சத்தத்துக்கு இரண்டு பக்கமும் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என நான்கு இடங்களில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் கேளுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத வயிற்றுக்கு.

தெர்மாமீட்டர் வைக்கும்போது பின்னால் நிற்காமல், இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். நுனியில் வாசலின் தடவி, உள்ளே குடல் சுவரைத் தொடுகிறமாதிரி சற்றுச் சாய்த்து வையுங்கள். லத்திக்குள் குத்தி வைத்தால் அளவு குறைத்துக் காட்டும். தெர்மாமீட்டரின் மறுமுனையில் நூல் கட்டி, ஒரு கிளிப்பால் வால் மயிரில் மாட்டிவிடுங்கள், கீழே விழாது. 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் இயல்பு, அதாவது 99 முதல் 101 ஃபாரன்ஹீட். பசுவுக்கு 38.8 சாதாரணம், குதிரைக்கு அது காய்ச்சல். குட்டிகளுக்கு எல்லா அளவுமே கூடுதலாக இருக்கும்.

இவற்றோடு கடைசியாக லத்தி போட்ட நேரம், கடைசியாகத் தின்றது என்ன, ஏற்கெனவே யாராவது மருந்து கொடுத்தார்களா என்று மூன்றையும் கேட்டு, மணியோடு எழுதி வையுங்கள். மூன்றாவது கேள்விக்கு முதல் தடவை "இல்லை" என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் கழித்து மறுபடி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் குதிரை படுப்பதும் எழுவதுமாக, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. முன்காலால் தரையைப் பறிக்கிறது. மாட்டுக்குக் கொடுப்பதுபோல பாட்டிலில் எண்ணெய் புகட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கூடாது. இது கோலிக் எனப்படும் வயிற்றுவலி. குதிரை மருத்துவத்தில் அவசரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்திலுள்ள தசைவளையம் அவ்வளவு இறுக்கமானது. குழாய் வந்து சேரும் கோணமும் அதற்கேற்றபடி இருக்கிறது. உடம்பின் அளவுக்கு இரைப்பையும் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். குடல் அடைத்துக்கொண்டால் நீர் பின்னோக்கி வந்து இரைப்பையில் நிரம்பும், வெளியேற வழி இருக்காது. ஏற்கெனவே நிரம்பியிருக்கும் இரைப்பையில் நீங்கள் மேலே ஊற்றினால் அது கிழிந்துவிடக்கூடும். கிழிந்தால் பிழைக்காது. பாட்டிலில் புகட்டும்போது தலையை உயர்த்திப் பிடிப்பதால் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து வேறு. நுரையீரலுக்குள் போன எண்ணெயை எடுக்க முடியாது.

மருத்துவரும் எண்ணெய் கொடுப்பது உண்டு. ஆனால் அவர் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்து, முதலில் உள்ளே தேங்கியதை வெளியே இழுத்துப் பார்ப்பார். 2 லிட்டருக்கு மேல் திரும்பி வந்தால் எதுவும் உள்ளே ஊற்ற மாட்டார். சிறுகுடலில் அடைப்போ முறுக்கோ இருக்கலாம் என்று அர்த்தம்.

மாடு வயிறு உப்பினால் இடது பக்கம் குத்திக் காற்றை வெளியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த யோசனையும் இங்கே வேண்டாம். குதிரைக்கு அசைபோடும் இரைப்பை கிடையாது. இடது பக்கத்தில் இருப்பது பெருங்குடல்.

டாக்டர் வரும்வரை செய்ய வேண்டியது: தீவனத்தை முழுக்க எடுத்துவிடுங்கள், படுக்கை வைக்கோல் உட்பட. புரளப் பார்த்தால் 10, 15 நிமிடம் மெதுவாக நடத்துங்கள். அமைதியாகப் படுத்திருந்தால் எழுப்பி இழுக்க வேண்டாம். விடியவிடிய நடத்துவதால் குடல் முறுக்கு பிரியாது, குதிரைதான் களைத்துப் போகும். வீசி உருளும் குதிரையிடம் போய் நிற்காதீர்கள், உங்களுக்கு அடிபடும். வலி ஊசி கைவசம் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். ஃப்ளுனிக்ஸின் போன்ற ஊசி வலியை மறைத்துவிடும். அறுவை சிகிச்சை தேவைப்படுகிற குதிரை சில மணி நேரம் நன்றாக இருப்பதுபோல் தெரியும், பொழுது கைநழுவிவிடும். அந்த ஊசியைக் குதிரையின் தசையில் போட்டால் அந்த இடத்தில் வாயு உண்டாக்கும் கிருமி பெருகித் தசை அழுகிப்போவதும் உண்டு. ரத்த நரம்பில் (சிரையில்) ஏற்றுவதுதான் முறை.

பிழைத்து எழுந்த பிறகு காரணத்தைத் தேடுங்கள். திடீரென்று தீவனம் மாற்றியது, தண்ணீர் போதாதது, பல் கூராகி மெல்ல முடியாதது, குடற்புழு, மணல். மணல் சந்தேகம் இருந்தால் ஐந்தாறு லத்தி உருண்டைகளை ஒரு பாத்திரத் தண்ணீரில் கரைத்து அப்படியே விடுங்கள். அரைமணி கழித்து மேலே இருப்பதை மெல்லக் கொட்டிவிட்டு அடியைத் தடவினால் மணல் தட்டுப்படும். தரையில் கொட்டாமல் தொட்டியில் தீவனம் வைத்தாலே இது பெருமளவு குறையும். எந்தத் தீவன மாற்றத்தையும் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

கேள்வி: மாட்டுக்கு வாங்கும் கலப்புத் தீவனத்திலேயே குதிரைக்கும் கொஞ்சம் போட்டால் என்ன?

பதில்: மூட்டையில் மொனென்சின் அல்லது சாலினோமைசின் என்ற பெயர் இருந்தால் அந்தத் தீவனம் குதிரைக்கு விஷம். மாட்டுத் தீவனத்தில் செரிமானத்துக்காகவும், கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கவும் இவற்றைச் சேர்ப்பார்கள். மாடு தாங்கும் அளவில் மிகச் சிறு பங்கே குதிரைக்குப் போதும். மொனென்சின் உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே சாவு வரலாம். இதயத் தசையைக் கெடுக்கும், மாற்றுமருந்து கிடையாது. தீவனத்தை வெறுக்கும், வியர்க்கும், பின்கால் தள்ளாடும். தேறிவிட்டதுபோல் தெரியும் குதிரை பின்னொரு நாள் ஓடும்போது விழுந்து சாவதும் உண்டு. ஒரே எந்திரத்தில் மாட்டுத் தீவனமும் குதிரைத் தீவனமும் அரைத்தால் மிச்சம் கலந்துவிடும், அதையும் விசாரியுங்கள்.

தவிட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து சொற்பம். குதிரையின் மொத்தத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது, ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. தவிடே பிரதானமாகப் போட்டு வந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். முக எலும்பு இரு பக்கமும் வீங்கும், காரணம் பிடிபடாத நொண்டல் வரும். நேப்பியர் போன்ற ஆக்சலேட் மிகுந்த புல்லும் இதே கேட்டைச் செய்யும்.

குதிரைக்கு அடிப்படைத் தீவனம் காய்ந்த புல்தான். ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம். தானியம் கொடுத்தால் ஒரு வேளைக்கு 100 கிலோ எடைக்கு அரைக் கிலோவைத் தாண்டாதீர்கள். தாண்டினால் செரிக்காத மாவு பெருங்குடலில் புளித்துக் கோலிக்கும் குளம்பு அழற்சியும் சேர்ந்தே வரும்.

கேள்வி: மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தைக் குதிரைக்கும் அடிக்கலாமா?

பதில்: புட்டியில் அமிட்ராஸ் என்று எழுதியிருந்தால் வேண்டவே வேண்டாம். குதிரையின் குடல் அசைவை அது நிறுத்தி, பெருங்குடலில் கடும் அடைப்பை உண்டாக்கும். குதிரைக்கு என்று லேபிளில் குறிப்பிட்ட பெர்மெத்ரின் வகை மருந்தை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். காதுக்குள், பிடரி மயிருக்கடியில், வாலின் அடியில் விரலால் தேடி உண்ணிகளைக் கையாலும் எடுக்க வேண்டும்.

கேள்வி: தராசு இல்லாமல் குதிரையின் எடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு டேப் போதும். குதிரையைச் சமதரையில் நிறுத்துங்கள். முன்கால் உடம்போடு சேரும் இடத்திலுள்ள முழங்கை மூட்டுக்குப் பின்னால் ஆரம்பித்து, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்குப் பின்புறமாக மார்பைச் சுற்றி அளவெடுங்கள். மூச்சை விட்ட நேரத்தில் படியுங்கள். பிறகு தோளின் முன்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை எலும்பு வரை நீளம். இரண்டும் செ.மீ.யில்.

மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 140 என்று வைத்துக்கொண்டால், 160 × 160 × 140 = 35,84,000. அதை 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 302 கிலோ. கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். குடற்புழு மருந்து குறைந்த அளவில் போனால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மி.கி. என்பதால் இந்தக் குதிரைக்கு 60 மி.கி. வேண்டும். 250 கிலோ என்று நினைத்தால் 50-தான் கொடுத்திருப்பீர்கள்.

இன்னொரு பயனும் உண்டு. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 302 கிலோ குதிரைக்கு 20 சதவீதம் என்றால் 60 கிலோ. சேணம் 8 கிலோ போனால் மிச்சம் 52. பெரிய உடம்புக்காரர்கள் சின்னக் குதிரையில் ஏறுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: மயக்க ஊசி எடுத்துக் கொடுக்கும்போது "மாட்டுக்கா, குதிரைக்கா?" என்று டாக்டர் இரண்டு முறை கேட்கிறார். மருந்து ஒன்றுதானே?

பதில்: மருந்து ஒன்றுதான், அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சைலசினைக் குதிரைக்கு நரம்பில் கிலோவுக்கு 1.1 மி.கி. வரை போடுவார்கள். மாடு அதற்கு மிகவும் கூருணர்வுள்ளது, குதிரையின் அளவில் பத்தில் ஒரு பங்கே போதும். குதிரைக்கு எடுத்ததை மாட்டுக்கு ஏற்றினால் பத்து மடங்கு. போதாததற்கு இதே மருந்து மில்லிக்கு 20 மி.கி., 100 மி.கி. என இரண்டு வீரியத்தில் வருகிறது. அதனால் "3 மில்லி எடுத்தேன்" என்று சொல்லாமல், புட்டியில் உள்ள வீரியத்தையும் வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். இரண்டு வீரியத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஊசி போட்டபின் 3 முதல் 5 நிமிடம் யாரும் தொடவோ பேசவோ கூடாது. அந்த நேரத்தில் உசுப்பினால் மருந்து சரியாகப் பிடிக்காது. தலை தொங்கி, கீழ் உதடு தளர்ந்து நிற்கும் குதிரையும் உதைக்கும். வழக்கமாக உதைக்கும் முன் காதை மடக்கிக் காட்டுமே, அந்த எச்சரிக்கை மட்டும் இருக்காது. முழுக்கத் தெளியும்வரை தீவனம் வைக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தலைக்கயிற்றைப் பிடிப்பவர் எப்போதும் டாக்டர் நிற்கும் அதே பக்கத்தில் நிற்க வேண்டும். குதிரை முரண்டினால் தலையை உங்கள் பக்கம் இழுங்கள். தலை இந்தப் பக்கம் வந்தால் பின்புறம் அந்தப் பக்கம் விலகும், உதை இருவர் மேலும் படாது. எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் பின்னங்கால் டாக்டர் மேல்தான் போகும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடித்துப் பிடியுங்கள். சுற்றிய கயிறு இறுகினால் விரல் போகும்.

கேள்வி: மின்சாரம் நின்றால் தடுப்பூசிப் பெட்டியை என்ன செய்வது?

பதில்: திறக்காதீர்கள். பாதுகாக்க வேண்டிய வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி. காலி இடங்களில் தண்ணீர் பாட்டில்களை எப்போதும் அடுக்கி வைத்திருந்தால் குளிர் நெடுநேரம் நிற்கும். மருந்தைக் கதவுத் தட்டில் வைக்காமல் நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல் வையுங்கள். பலர் சூடாவதற்கு மட்டும் பயப்படுகிறார்கள். செயலிழந்த கிருமியால் செய்த தடுப்பூசிகளுக்கு உறைவதும் அதே கேடுதான். ஒருமுறை உறைந்து இளகியது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். பனிக்கட்டிப் பெட்டியில் வெளியே எடுத்துப் போகும்போது புட்டிக்கும் ஐஸ் பைக்கும் நடுவில் துணி மடித்து வைப்பது இதற்காகத்தான்.

கேள்வி: சேணம் மாட்டும் இடத்தில் முதுகில் புண் வந்து ஆறி, மறுபடி வருகிறது. கனமான துணி மடித்துப் போட்டும் பயனில்லை. என்ன காரணம்?

பதில்: துணிதான் காரணமாகக்கூட இருக்கலாம். சேணம் ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால், அடியில் துணி திணிப்பது இறுக்கத்தைக் கூட்டும். அளவு சிறிய செருப்புக்குள் இரண்டு காலுறை போட்ட கதை.

துணியில்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பாருங்கள். தோள் எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். சேணத்தின் மரச்சட்டம் அதற்குப் பின்னால்தான் தொடங்க வேண்டும். அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் முன்காலை எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் உரசும். பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அதற்கப்பால் பாரம் தாங்கும் அமைப்பே கிடையாது. முன்னாலிருந்து பார்த்தால் முதுகு மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவில், ஆள் ஏறிய பிறகும், இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பின் மேல் முன்னிருந்து பின்வரை வெளிச்சம் தெரிய வேண்டும். உள்மெத்தை இரண்டும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். நடுவில் தொடாமல் முன்னும் பின்னும் மட்டும் தொட்டால் நான்கு முனையில் பாரம் நிற்கும், புண்ணும் அதே நான்கு இடத்தில் வரும்.

அரைமணி சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சீராக நனைந்திருக்க வேண்டும். சுற்றிலும் நனைந்து நடுவில் உள்ளங்கையளவு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் அதிகமாகி வியர்வைச் சுரப்பி அடங்கியிருக்கிறது, அல்லது சேணம் அங்கே படவே இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தால் எது என்று தெரியும். அழுத்தமான இடத்தில் முதுகைத் தாழ்த்தும். பழைய அழுத்தம் இருந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைக்கும்.

வயிற்றுப் பட்டையை ஒரேயடியாக இறுக்குவது இன்னொரு தவறு. சேணம் போட்டதும் நழுவாத அளவுக்கு, சில அடி நடத்தியபின் இன்னொரு துளை, ஏறி உட்கார்ந்தபின் கடைசியாக ஒரு முறை. முன்கால் இரண்டையும் ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துவிட்டால் பட்டைக்கடியில் மடிந்த தோல் விரிந்துவிடும். முழங்கை மூட்டுக்குப் பின்னால் வரும் புண்களில் பெரும்பகுதி அந்த மடிப்பால்தான்.

இப்போது இருக்கும் புண்ணை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவுங்கள். மஞ்சளும் எண்ணெயும் குழைத்து அப்ப வேண்டாம், அழுக்கு ஒட்டும். தோல் மூடி, அதில் மயிர் முளைக்கும்வரை சேணம் ஏற்றாதீர்கள். மேலே பொருக்கு கட்டியதும் ஏறிவிடுகிறார்கள், புண் திரும்ப வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். துணியில் புண்ணளவுக்கு ஓட்டை வெட்டினால் ஓட்டையின் விளிம்பு அழுத்தும், புண் அகலும்.

கேள்வி: குளம்பின் அடியில் ஆணி ஏறியிருக்கிறது. பிடுங்கலாமா?

பதில்: மருத்துவர் விரைவில் வருவார் என்றால் பிடுங்காதீர்கள். ஆணி இருக்கும்போது எக்ஸ்ரே எடுத்தால் எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் என்பது தெரியும். பிடுங்கியதும் குளம்பு ரப்பர்போல மூடிக்கொண்டு, துளை இருந்த இடமே தெரியாமல் போகும். குதிரையை நடக்கவிடாமல் நிறுத்தி, ஆணியைச் சுற்றிக் கனமாகத் துணி கட்டி, தரை அதை மேலும் உள்ளே தள்ளாதபடி பாருங்கள். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நுழைந்த இடத்தை மார்க்கரால் சுற்றி வரைந்து, போட்டோ எடுத்து, உள்ளே போன நீளத்தை ஆணியிலேயே குறித்து, அந்த ஆணியை டாக்டரிடம் காட்டுங்கள்.

அடிக்குளம்பின் நடுவில் ஆப்பு வடிவில் மெத்தென்று இருக்குமே, ஃப்ராக், அதன் நடுப்பகுதியில் ஏறியதுதான் மிக மோசம். அதற்கு நேர் மேலே தசைநாணும் மூட்டும் இருக்கின்றன. குதிரை நொண்டவில்லை என்று அசட்டையாக இருந்தால், சீழ் பிடித்தபின் காலைக் காப்பாற்றுவது கடினம்.

டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு மிக எளிதில் பலியாவது குதிரை. 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. போடாத குதிரைக்குக் காயம் பட்டால் நச்சை முறிக்கும் ஆன்டிடாக்ஸினும் வேண்டும்.

தினமும் குளம்பைக் கொக்கியால் சுத்தம் செய்கிறவர்கள் ஆணியை அன்றே பார்த்துவிடுவார்கள். குதிகாலிலிருந்து நுனி நோக்கி இழுங்கள். ஃப்ராக்கின் இரு பக்கத்துக் குழியில் கறுப்பாய், நாற்றத்தோடு கசிந்தால் அது ஈரத்தால் வரும் அழுகல். மருந்தைவிட உலர்ந்த தரைதான் அதைக் குணமாக்கும். லாடம் அடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும்.

கேள்வி: ஓடி வந்த சூட்டில் தண்ணீர் காட்டக் கூடாது என்கிறார்களே?

பதில்: காட்டலாம். தாகமாக இருக்கும்போது தடுத்தால், பிறகு குடிக்கும் ஆர்வமே போய்விடும் குதிரைகள் உண்டு. தள்ளிப்போட வேண்டியது தானியத்தைத்தான், மூச்சு அடங்கி உடம்பு ஆறும்வரை. உடம்பைக் குளிர்விக்கத் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஊற்றி, வழித்து, மறுபடி ஊற்றி என்று நேரம் போக்குவதைவிட அது வேகமாகச் சூட்டை இறக்கும். புழுக்கமான நாளில் ஓடியும் வியர்க்காத குதிரையைக் கண்டால் உடனே நிறுத்திக் குளிர்வியுங்கள். வியர்வை நின்றுபோவது ஒரு நோய்.

கேள்வி: சவாரி கற்றுக்கொள்கிறேன். ட்ராட் ஓட்டத்தில் தூக்கித் தூக்கிப் போடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: ட்ராட்டில் எதிரெதிர் மூலையில் உள்ள கால்கள் ஜோடியாக விழும், ஒன்று-இரண்டு என்று. ஒன்றில் எழுந்து இரண்டில் உட்கார்ந்தால் தூக்கிப் போடாது. வட்டத்தில் போகும்போது வெளிப்பக்க முன்தோள் முன்னே போகையில் எழுங்கள், பின்னே வருகையில் உட்காருங்கள். திசை மாற்றும்போது இரண்டு தட்டு தொடர்ந்து உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தாளம் மாறிவிடும். காலால் உந்தி எழாதீர்கள். குதிரை தூக்கிவிடும் வேகத்தில் இடுப்பை முன்னால் விட்டாலே போதும். கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதன் வாயில் இடிக்கிறார்கள். அதற்குப் பதில் பிடரி மயிரையோ கழுத்தில் கட்டிய ஒரு வாரையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

கால் வைக்கும் வளையமான அங்கவடியின் நீளம் தவறினால் எத்தனை பழகினாலும் வராது. தரையில் நின்று, வார் தொடங்கும் இடத்தில் விரல் நுனியை வைத்து அங்கவடியைக் கைக்கடியில் நீட்டினால் அக்குளைத் தொட வேண்டும். காலணியைவிட அங்கவடி மொத்தம் 2 செ.மீ. அகலமாக இருக்கட்டும். குதி இல்லாத காலணி வேண்டாம். விழும்போது பாதம் உள்ளே நழுவி மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஏறுவதற்குத் திண்ணை அல்லது முக்காலி வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் திரும்பி முதுகுத் தசையை ஒரு பக்கமாக இழுக்கும்.

கேள்வி: மூக்கிலிருந்து மஞ்சளாகச் சளி ஒழுகும் குதிரை ஒன்று வந்தது. மற்ற குதிரைகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

பதில்: பயப்படாமல், ஆனால் உடனே தனிமைப்படுத்த வேண்டும். தாடைக்கடியில் கட்டியும் கெட்டியான சீழும் காய்ச்சலும் இருந்தால் அது ஸ்ட்ராங்கிள்ஸாக இருக்கலாம். குதிரைகளுக்குள் வேகமாகப் பரவும், பெரும்பாலானவை தேறிவிடும். மூக்கின் உள்சுவரில் புண், தோலில் வரிசையாக முடிச்சு, உடைந்து வடியும் கட்டி இருந்தால் கிளாண்டர்ஸை நினைக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும், உயிரைப் பறிக்கும். தடுப்பூசி கிடையாது. பல நாடுகளில் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். கழுதையிலும் கோவேறு கழுதையிலும் சில நாட்களிலேயே முற்றிவிடும். குதிரையில் மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்.

எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். அதுவரை கையுறை, முகக்கவசம் இல்லாமல் அருகில் போகாதீர்கள். வாளி, தூரிகை, தலைக்கயிறு எல்லாம் அந்தக் குதிரைக்குத் தனி. அதைப் பார்ப்பவர் மற்ற குதிரைகளை முதலில் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் இதற்கு வர வேண்டும். பொதுத் தொட்டியைக் காலி செய்து, சுரண்டிக் கழுவி, கிருமிநாசினி ஊற்றி, காயவிட்டுப் பயன்படுத்துங்கள். கூட இருந்த குதிரைகளுக்குக் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். ஸ்ட்ராங்கிள்ஸில் சளி ஒழுகுவதற்கு முன்பே காய்ச்சல் ஏறும். அந்தக் கட்டத்தில் பிரித்துவிட்டால் பரவலைப் பிடித்துவிடலாம்.

கேள்வி: குதிரை நின்றுகொண்டுதானே தூங்கும்? எங்கள் குதிரை இரவில் தரையோடு தரையாக நீட்டிப் படுக்கிறது. நோயா?

பதில்: இல்லை. காலில் மூட்டைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருப்பதால் நின்றபடி கண்ணயரும். ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு அரைமணி, ஒரு மணி நேரம் போதும். நீட்டிப் படுப்பது இடத்தை நம்புகிறது என்பதற்கு அடையாளம். பல நாட்களாகப் படுக்கவே படுக்காத குதிரையைத்தான் கவனிக்க வேண்டும். மூட்டுவலியால் எழ முடியாதோ என்று தயங்கி நிற்கும். பகலில் நின்ற இடத்திலேயே முன்கால் மடங்கிச் சரியும், கணுக்கால் மூட்டின் முன்பக்கத்தில் சிராய்ப்பு இருக்கும். படுத்த குதிரை புரளுகிறதா, வியர்க்கிறதா, விலாவைப் பார்க்கிறதா என்று மட்டும் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் எழுப்ப வேண்டாம்.